ஊரடங்குக்கு முந்தின நாள் கூட்டமும் வீட்டுக் காய்கறியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரோனா ஊரடங்கு நாட்களைப் பற்றி வாசகர்கள் எழுதிவரும் நினைவுகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். தனிமை, வேலையிழப்பு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் வந்துவிட்டன. எல்லா வீட்டையும் அன்றாடம் அலைக்கழித்த காய்கறி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. 2020 ஏப்ரலில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை நான்கும் ரேஷன் கடையில் இலவசமாகவே கிடைத்தன. காய்கறிக்காகத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்பத் தெருவுக்கு வந்தார்கள்.

அந்த ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். முந்தின நாள் கடைத்தெருவில் நிற்க இடமில்லை. சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தையிலிருந்து தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போய், மே 5-ஆம் தேதி சந்தையையே மூட வேண்டி வந்தது. ஓராண்டு கழித்து, 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்றபோது, 22, 23 இரண்டு நாளும் அதே நெரிசல். ஒரு வாரத்துக்குக் காயை வீட்டில் வைத்துக் காப்பாற்றலாம் என்ற தைரியம் நம்மிடம் இல்லாமல் போனதும் இந்தக் கூட்டத்துக்கு ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம். வைக்கத் தெரிந்தால் மூன்று வாரம்கூடத் தள்ளலாம்.

முதல் தவறு கழுவியதில் நடந்தது. தொற்று பயத்தில் வாங்கி வந்த காயையெல்லாம் சோப்புத் தண்ணீரில் முக்கினார்கள். சோப்பு வேண்டாம், குடிக்கிற தண்ணீரே போதும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்போதே சொன்னது. காயின் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் கீறல்களும் உண்டு. சோப்பு அதில் தங்கிவிடும். அதைவிடக் கெடுதல், கழுவிய ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தது. அழுகலுக்கு வேண்டியது ஈரம்தான். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய வேட்டியை விரித்து, ஃபேனுக்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரம் பரப்பி, காம்படி வரை காய்ந்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். சமைக்கும்போது கழுவிக்கொள்வது இன்னும் நல்லது.

ஒரு கொத்தமல்லிக் கட்டை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வெளியே பச்சென்று இருக்கும். நடுவில், கட்டிய இடத்துக்குக் கீழே, கடையில் தெளித்த தண்ணீர் தேங்கி நாலைந்து இலை கறுத்துக் கொழகொழத்திருக்கும். அந்த இலைகள்தான் இரண்டே நாளில் முழுக்கட்டையும் நாசமாக்குகின்றன. வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, கறுத்ததையும் மஞ்சளானதையும் கிள்ளி எறிந்து, வேரை நறுக்கி, ஈரம் போக உலர்த்தி, செய்தித்தாளில் தளரச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் பத்து நாளுக்குக் குறையாமல் நிற்கும். தாள் நமுத்துப்போனால் மாற்ற வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பச்சை மிளகாய்க்குக் காம்பில்தான் அழுகல் தொடங்கும், ஆகவே காம்பைக் கிள்ளிவிட்டு வைக்க வேண்டும். கேரட், முள்ளங்கியின் தழையை அன்றைக்கே வெட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் தழை கிழங்கின் நீரை உறிஞ்சி, கிழங்கு துவண்டுவிடும்.

தக்காளி செங்காயாக இருந்தால் ஃபிரிட்ஜுக்குள் போகவே கூடாது. குளிரில் பழுப்பது நின்று, பின்னால் வெளியே வைத்தாலும் ருசி திரும்பாது. காம்பு இருந்த பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கினால் போதும். நன்றாகப் பழுத்ததை மட்டும் உள்ளே வைக்கலாம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் கொட்டுவது நம் வீடுகளில் பழகிப்போன தவறு. உருளைக்கிழங்கின் ஈரத்தில் வெங்காயம் முளைவிட்டு அழுகும்.

எதை முதலில் சமைப்பது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். கீரை அன்றைக்கே. வெண்டை, கத்தரி, அவரை அடுத்த மூன்று நான்கு நாளில். இவை ஃபிரிட்ஜின் கடுங்குளிரைத் தாங்காமல் கறுத்துவிடும். கோஸ், பீட்ரூட், கேரட் இரண்டாவது வாரத்துக்கு. கோஸைக் கத்தியால் பிளக்காமல் வெளி இலையை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தால் மீதி கெடாது. மூன்றாவது வாரத்துக்குப் பரங்கி, வெள்ளைப் பூசணி, சேனை. இவற்றுக்கு ஃபிரிட்ஜே வேண்டாம். காம்போடு இருக்கிற, தோலில் அடிபடாத பரங்கியை வெறும் தரையில் வைக்காமல் பிரிமணையில், அதாவது வைக்கோல் பிரி வளையத்தில், வைத்தால் ஒரு மாதம் அப்படியே இருக்கும். வெட்டிவிட்டால் விதையையும் நாரையும் உடனே வழித்தெடுத்துவிட வேண்டும், கெடுவது அங்கிருந்துதான்.

இரண்டு ஊரடங்கும் சுட்டெரிக்கும் கோடையில் வந்தன. மொட்டை மாடி காலியாகக் கிடந்தது. வற்றல் போட அதைவிட நல்ல காலம் ஏது? கொத்தவரங்காயை உப்புப் போட்ட கொதிநீரில் போட்டு, நிறம் மாறியதும் வடித்துவிட வேண்டும். குழைய விட்டால் காயும்போது நார்தான் மிஞ்சும். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். மடக்கினால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் காட்ட வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே ஒரு மணி நேரம் ஆறவிட்டு அடைக்க வேண்டும். மோர் மிளகாய்க்கு ஒரு கிலோ மிளகாயைக் கீறி, புளித்த தயிர் ஒரு லிட்டரைக் கடைந்து நூறு கிராம் உப்புக் கரைத்து ஊறப்போட வேண்டும். பகலில் மிளகாய் வெயிலில், இரவில் மறுபடி மோரில், மோர் வற்றும்வரை. கீறல் காம்பு வரை போனால் விதையெல்லாம் மோரில் கொட்டிவிடும். இவை இரண்டும் வீட்டில் இருந்தால், காயே இல்லாத நாளிலும் வற்றல் குழம்பும் மோர் சாதமுமாக ஒரு குடும்பம் சமாளித்துக்கொள்ளும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தொற்றோ புயலோ வெள்ளமோ, கடைகள் அடைபடும் என்ற அறிவிப்பை முதல் பக்கத்தில் போடும்போது, எந்தக் காய் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். 2021-ல் தெருத்தெருவாகக் காய்கறி வண்டிகளை அனுப்பிய தோட்டக்கலைத் துறையும் இதைக் கவனிக்க வேண்டும். முதல் நடையில் சேனை, பரங்கி, கோஸ், கேரட் வரட்டும். வாரத்துக்கு இரண்டு முறை கீரையும் தக்காளியும் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்