தியாக்ரிக்கு ரவை எதற்கு? கம்பு இருக்கிறதே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டு இனிப்பான, வேகவைத்த தானியக் குருணையைத் தயிரில் ஊறவைத்துச் செய்யும் தியாக்ரியின் செய்முறை வந்திருந்தது. மகிழ்ச்சி. ஆனால், "கூஸ்கூஸ் (ஆவியில் வேகவைக்கும் குருணை) கிடைக்காவிட்டால் கோதுமை ரவை போடலாம்" என்ற வரி வாசகர்களைத் தவறான பக்கம் திருப்பிவிடும். தியாக்ரியின் ஆதி தானியம் கம்பு. அந்தக் கம்பை மனிதர் முதலில் பயிராக்கியதே மேற்கு ஆப்பிரிக்காவின் சாஹேல் வறண்ட நிலத்தில்தான், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு ரவையைத் தேட வேண்டியதில்லை.

கால் கிலோ கம்பு மாவை அகலத் தாம்பாளத்தில் கொட்டி, சிட்டிகை உப்பு சேர்த்து, அரை கப்புக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரல் நுனியால் சுழற்றுங்கள். மாவு கடுகளவு குருணையாகத் திரளும். தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றினால் களிதான் மிஞ்சும். பெரிய கண் சல்லடையில் சலித்து, கட்டிகளை உதிர்த்து, ஈரத்துணி விரித்த இட்லித் தட்டில் அவியுங்கள். ஓர் ஈடு போதாது, மூன்று வேண்டும். ஒவ்வொரு முறையும் இறக்கி உதிர்த்து, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மறுபடி ஏற்ற வேண்டும். கடைசி ஈடு முடிந்ததும் சூட்டோடு ஒரு கரண்டி வெண்ணெய் பிசிறினால் குருணை ஒட்டாது.

சமவெளிக்கு எழுதிய நேரக்கணக்கு நீலகிரியில் செல்லாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது, ஆவியின் சூடும் அவ்வளவுதான். குண்டு போடாத குக்கரிலும் இதே கதை. கீழே ஓர் ஈட்டுக்கு 12 நிமிடம் என்றால் இங்கே 18 நிமிடமாவது விடுங்கள். ஒரு குருணையைக் கிள்ளிப் பாருங்கள்: நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் வேகவில்லை. வேகாத கம்பு எத்தனை மணி நேரம் தயிரில் ஊறினாலும் மணலாகப் பல்லில் நெருடும்.

அடுத்தது தயிர். நம் குளிரில் உறை ஊற்றி மேடையில் வைத்தால் காலையிலும் பாலாகவே கிடக்கும். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒன்றரைக் கரண்டி உறை கலந்து, ஹாட்பாக்ஸில் ஊற்றிக் கம்பளியால் சுற்றிவிடுங்கள். எட்டு மணி நேரத்தில் கெட்டியாக உறையும். துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு நீரை வடிக்க வேண்டும்.

குருணை முழுதாக ஆறிய பிறகே தயிரில் சேர்க்க வேண்டும். வெதுவெதுப்பாகக் கொட்டினால் தயிர் திரிந்து நீர் பிரியும். பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். முக்கால் கப் சர்க்கரை, கால் கரண்டி துருவிய ஜாதிக்காய், ஒரு பிடி உலர்திராட்சை. ஜாதிக்காய் செனகலிலும் போடுவதுதான்; நமக்கோ குன்னூர் மலைப்பாதையில் உள்ள பர்லியாரிலேயே விளைகிறது. வெல்லம் போட விரும்பினால் பாகை ஆறவைத்து ஊற்றுங்கள். இரண்டு மணி நேரம் ஊறட்டும். குருணை ஈரத்தை இழுத்து இறுகிவிடும் என்பதால் பரிமாறும்போது அரை கப் குளிர்ந்த பால் விட்டுத் தளர்த்தலாம்.

கசக்கிறது என்பவர்கள் மாவின் வயதைக் கேளுங்கள். கம்பில் எண்ணெய்ப்பசை அதிகம், அரைத்த சில நாளிலேயே காறல் வாடை அடிக்கும். மலையில் கம்பு விளைவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் பாக்கெட் மாவு எப்போது அரைத்ததோ தெரியாது. முழுக் கம்பாக வாங்கி, கழுவி, நன்றாகக் காயவைத்து மில்லில் அரைப்பதே நல்லது. மழைக்காலத்தில் வெயில் கிடைக்காதபோது வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்துக்கொள்ளலாம்.

செனகல் கிறிஸ்தவர்கள் புனித வெள்ளிக்கு இதே கம்புக் குருணையில் வேர்க்கடலை விழுதும் பெருக்க மரத்துப் பழத்தின் புளிப்புச் சாறும் சேர்த்து ங்கலாக் என்ற இனிப்பைச் செய்து, முஸ்லிம் அண்டை வீடுகளுக்கும் கொடுத்தனுப்புவார்கள். அதன் செய்முறையையும் ஈஸ்டருக்கு முன் வெளியிடுங்கள். வேகும் நேரத்தைச் சமவெளிக்கும் மலைக்கும் தனித்தனியாகக் குறிப்பிட்டால் ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

– ஒரு வாசகி,
உதகமண்டலம்