மாத்திரைக்கும் பெயர் உண்டு: மருந்து ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக் கடைகளைச் சோதனையிடும் மதிப்பிற்குரிய மருந்து ஆய்வாளர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரி காலாப்பட்டில் வாடகை வீடு எடுத்து நாலு பேர் தங்கிப் படிக்கிறோம். நாங்கள் மாத்திரை வாங்கும் அழகு உங்களுக்குத் தெரியாததல்ல. "அண்ணா, பல்வலிக்கு ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்றால் போதும், கத்தரி வந்துவிடும். வெட்டிய துண்டு காகிதக் கவருக்குள் போகும், பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் கடையிலேயே தங்கிவிடும்.

போன செமஸ்டர் தேர்வு சமயம் என் அறைத்தோழிக்குக் கடைவாய்ப்பல் வலி. 650 மில்லிகிராம் பாரசிட்டமால், நாலு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஆறு. மூக்கும் அடைக்கிறது என்றாள். என் பையில் எப்போதோ வாங்கிய சளி மாத்திரைத் துண்டு கிடந்தது, மூன்று வேளையும் ஒவ்வொன்று போடு என்று நான்தான் கொடுத்தேன். அதற்குள்ளும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் இருந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாத மருந்தை மூன்று நாளும் 5.4 கிராம் விழுங்கியிருக்கிறாள்.

நாலாம் நாள் ஓயாத வாந்தி. அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்டது, "என்னென்ன மாத்திரை போட்டீங்க?" கவரைக் கவிழ்த்தேன். வெள்ளித்தாளில் ஏதோ பெயரின் கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம். கடைக்குப் போன் செய்தால், "சளிக்குக் கொடுக்கிறதுதாம்மா" என்கிறார்கள்! சீக்கிரம் போட்டால்தான் விஷத்தை முறிக்கிற மாற்றுமருந்து நன்றாக வேலை செய்யுமாம், நாங்களோ பெயர் தேடிக்கொண்டிருந்தோம். ஈரல் பரிசோதனை எண்கள் எங்கோ ஏறிக் கிடந்தன. நல்லவேளை தேறிவிட்டாள், இரண்டு பேப்பர் அரியரோடு.

நாங்களும் யோக்கியமில்லை, ஒத்துக்கொள்கிறேன். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஆளாளுக்கு வைத்தியர். ஆனால் நான் கேட்பது ஒன்றுதான்: வெட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு மாத்திரையின் பெயரும், உள்ளே என்ன மருந்து என்பதும் கவரில் எழுதியிருக்க வேண்டும். இந்த ஊரில் பிராந்தி வாங்கினால் எத்தனை சதவீதம் என்பதுவரை லேபிளோடு வருகிறது, மாத்திரைக்கு அந்த மரியாதைகூட இல்லையா?

ஷெட்யூல் எச்1 என்று 2014 முதல் ஒரு விதி இருக்கிறதே. பதற்றத்துக்குக் கொடுக்கிற அல்பிரசோலம் மாதிரி மாத்திரை விற்றால் எழுதிய டாக்டர் பேர், நோயாளி பேர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சீட்டே இல்லாமல் அதை வாங்கி வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் பேர் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறதோ!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். பதிவேட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் கவரில் மருந்தின் பெயர் எழுதச் சொல்லுங்கள். கடையில் பேனா இருக்கிறது, ஐயா. எங்கள் கணக்கை அதில்தான் எழுதுகிறார்கள்.

இப்படிக்கு,
காலாப்பட்டிலிருந்து ஒரு மாணவி