ஆண்டறிக்கை: கொசுவுக்கு அஞ்சி மலையேறிய ஊர்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுக்கு ஓர் ஊரைப் படிப்பது நம் வாசகர் வட்டத்தின் வழக்கம். இம்முறை எடுத்துக்கொண்டது ஆப்பிரிக்க நாடான மலாவியின் வடக்கே உள்ள லிவிங்ஸ்டோனியா. "சின்ன ஊராச்சே, ஒரு வருடம் ஓடுமா?" என்று போன பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். ஓடியது. தொடக்கக் கூட்டங்கள் எல்லாம் கொசுவுக்கே போய்விட்டன.

ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1875-இல் இலாலா என்ற நீராவிப் படகோடு மலாவி ஏரிக்கு வந்தார்கள். வழியில் ஷயர் ஆற்றின் பாய்ச்சல்களில் படகு ஏறாது. அதைப் பாகம் பாகமாகக் கழற்றிச் சுமைகாரர்களைக் கொண்டு தூக்கிப்போய், மேலே மறுபடி பூட்டினார்கள். முதல் குடியிருப்பு ஏரியின் தென்கோடியில், கேப் மக்ளியரில். மலேரியாக் காய்ச்சலில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. 1881-இல் மேற்குக் கரையில் உள்ள பண்டாவேக்கு மாறினார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. கடைசியில் 1894-இல் மிஷன் தலைவர் டாக்டர் ராபர்ட் லாஸ் கரையையே விட்டு, ஏரிமட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே கோண்டோவே மேட்டில் ஊரை அமைத்தார்; அதுதான் லிவிங்ஸ்டோனியா. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல்தான். ஆக, காரணம் தெரியாமலே தப்பித்திருக்கிறார்கள்.

ஆனால் காய்ச்சலிலிருந்து காத்த அந்த உயரம்தான் ஊரை வளரவும் விடவில்லை என்பது என் எண்ணம். ஏரிக்கரைச் சாலையில் சித்திம்பாவில் பிரிந்து ஏறும் மண்பாதையில் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் வண்டிகள் திணறும். இப்படிப்பட்ட இடத்தில் வணிகம் எங்கே பெருகும்? பெருகியது படிப்புதான். மிஷனரிகள் அங்கே நடத்திய ஓவர்டவுன் கல்வி நிலையத்தில் ஆசிரியர் பயிற்சியோடு தச்சு, கட்டட வேலை, அச்சுத் தொழில் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்கள் பலர் வேலை தேடி வெளியேறினார்கள். அவர்களில் ஒருவரான கிளமென்ட்ஸ் கடாலி 1919-இல் கேப் டவுனில் தொழிற்சங்கம் தொடங்கினார். மிஷனரிகள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்!

ஊருக்குப் பக்கத்தில் மன்செவே அருவி. அதன் பின்னுள்ள குகையில், அடிமை பிடிக்க வந்தவர்களிடமிருந்து மக்கள் ஒளிந்துகொண்டதாக உள்ளூரில் சொல்கிறார்கள். நாம் படித்தவற்றில் பெரும்பகுதி மிஷனரிகள் எழுதிவைத்தவையே. லாஸ் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, படகைச் சுமந்தவர்களின் பெயர் எங்கும் வரவில்லை. இதையொட்டி நடந்த வாக்குவாதம்தான் இந்த ஆண்டின் நல்ல கூட்டம்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அடுத்த ஆண்டுக்கான ஊரை இன்றே முடிவு செய்ய வேண்டும். அப்புறம், சந்தா பாக்கி உள்ளவர்கள் தேநீருக்கு முன்பே அவரைப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்