அது பட்டாம்பூச்சி இல்லீங்க, பழத்தைக் குத்துற பூச்சி

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் மாதுளைத் தோட்டத்துல "அரிய வண்ணத்துப்பூச்சி"ன்னு ஒரு போட்டோ போட்டிருந்தீங்க. படம் சூப்பர், ஆனா அது வண்ணத்துப்பூச்சியும் இல்ல, அரியதும் இல்ல. 1767லயே ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் பேர் வச்சுட்டுப் போன அந்துப்பூச்சி, யூடோசிமா மெட்டர்னா. வண்ணத்துப்பூச்சின்னா உணர்கொம்பு நுனியில குமிழ் இருக்கும், இதுல இல்ல பாருங்க. மேல் இறக்கை சருகு கலர், மடிச்சு உக்காந்தா கண்டுபிடிக்கவே முடியாது, சீண்டினா சட்டுனு விரிக்கும், அப்பத்தான் அடியில இருக்கிற ஆரஞ்சு இறக்கை தெரியும், நடுவுல வட்டமா ஒரு கறுப்புப் பொட்டு, ஓரமெல்லாம் கறுப்புக் கரை. பொட்டுக்குப் பதிலா வளைஞ்ச பட்டை இருந்தா அது இதோட சொந்தக்கார அந்துப்பூச்சிங்க ஃபலோனியாவோ ஹோமேனாவோ, அந்த ரெண்டையும் பின்னிறக்கைய மட்டும் வச்சுப் பிரிக்கிறது கஷ்டம்.

செய்தியில மரத்துக்கு மருந்து அடிக்கச் சொல்லியிருந்தீங்களே, அதுக்குத்தான் இந்த லெட்டர். மத்த அந்துப்பூச்சியில பெரும்பாலும் புழுதான் பயிரைத் திங்கும், இதுல தலைகீழ். முட்டை வைக்கிறது வேலியில படர்ற சீந்தில் கொடியில, புழு ரெண்டு மூணு வாரம் அந்த இலையத் தின்னுட்டு அங்கயே இலையச் சுருட்டிக் கூட்டுப்புழு ஆயிரும். கருகருன்னு வெல்வெட் புழு, ரெண்டு பக்கமும் கண்ணு வரைஞ்ச மாதிரி புள்ளி, தொட்டா தலைய உள்ள மடக்கிட்டு அந்தப் பொய்க்கண்ண நம்ம பக்கம் காட்டும். மரத்துல புழுவே இல்ல, அப்புறம் யாருக்கு மருந்து?

பொழுது சாஞ்சப்புறம் வர்ற, வளர்ந்து இறக்கை முளைச்ச பூச்சிதான் கெட்டியான உறிஞ்சுகுழலால மாதுளை, சாத்துக்குடி, கொய்யான்னு தோலைக் குத்தும். குண்டூசி ஓட்டைதான், அமுக்கினா சாறு பீச்சும், அது வழியா பூஞ்சை இறங்கி பழம் அழுகி விழுந்துரும். காய்க்குப் பை கட்டுறது நல்லது, சாயங்காலம் புகை போடலாம், வெல்லத்தண்ணியில மருந்து கலந்து அங்கங்க வைக்கலாம். சீந்திலையே வெட்டிருன்னும் சொல்றாங்க, எனக்கு மனசு வரல, கஷாயத்துக்கு ஊரே தேடுற கொடி, அதோட இந்தப் பூச்சி நல்லா தூரம் பறக்கும், நம்ம வேலிய மட்டும் சுத்தம் பண்ணா பக்கத்துத் தோட்டத்துலருந்து வந்துட்டுப் போகுது.

அடுத்த தடவை இறக்கை மடிச்சு உக்காந்திருக்கிற படத்தையும் சேத்துப் போடுங்க சார், ராத்திரி டார்ச் அடிச்சுப் பாக்குறவங்களுக்கு அதுதான் உதவும்.

இப்படிக்கு,
ஒரு மாதுளை விவசாயி