அப்பாக்களை ஆராயப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

உனக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்ததை அம்மாதான் முதலில் சொன்னாள். தலைப்பையும் சொன்னாள்: குழந்தைகள், தந்தையர், குடும்பக் கொள்கை. சிரிப்பு வந்துவிட்டது. நான் இத்தனை வருஷம் உருண்டு புரண்ட அதே துறை. "ஊர் அப்பாக்களைப் பற்றி எழுதினது போதும், வீட்டு அப்பா போய்ப் பிள்ளையைத் தூங்க வைக்கட்டும்" என்று அவள் என் மேசைப் பக்கம் வந்து நின்றதெல்லாம் உனக்கு நினைவிருக்காது, தூங்க வேண்டிய பிள்ளை நீதானே. சரி, வாழ்த்து போனிலேயே சொல்லியாயிற்று, இது வேலை விஷயம்.

பழைய ஆய்வுகளைப் புரட்டும்போது அப்பா எங்கே என்று தேடிப் பார். உலக சுகாதார நிறுவனத்துக்காக மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951-இல் எழுதிய அறிக்கை உலகம் முழுக்கக் குழந்தை வளர்ப்பைப் பற்றிய பேச்சையே மாற்றியது, ஆனால் அதில் அப்பாவுக்குக் கிடைத்தது அம்மாவுக்குப் பணத்தாலும் மனத்தாலும் துணை நிற்கும் வேலை மட்டும்தான். 1975-இல் உளவியலாளர் மைக்கேல் லாம்ப் வந்து, குழந்தை வளர்ச்சியில் அப்பாக்கள் மறக்கப்பட்ட பங்களிப்பாளர்கள் என்று எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ சர்வேக்களில் அப்பாவைப் பற்றிய கேள்விக்கு அம்மாதான் பதில் சொன்னார். இதில் சதி எதுவும் இல்லை. பிள்ளையோடு வீட்டில் இருப்பவர் அம்மா, பிரிந்து வாழும் அப்பாவைத் தேடிப் பிடிக்க ஆளும் பணமும் வேண்டும், அப்படிப் பிடித்தாலும் உட்கார்ந்து பேசச் சம்மதிப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளையோடு ஒட்டுதலாக இருப்பவர்களே. அமெரிக்காவில் 1998 முதல் 2000 வரை பிறந்த ஏறத்தாழ 4,900 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வில், பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியிலேயே முடிந்தவரை அப்பாக்களையும் பிடித்துப் பேசினார்கள். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் அது. கல்யாணம் ஆகாத அப்பாக்களும் அந்த நேரத்தில் அங்கேதான் நிற்பார்கள், விட்டால் அப்புறம் கிடைப்பது கஷ்டம்.

ஆளைப் பிடித்துவிட்டாய் என்றே வை, என்ன கேட்பாய்? லாம்பும் அவர் கூட்டாளிகளும் 1980-களில் மூன்றாகப் பிரித்தார்கள்: பிள்ளையோடு நேராகச் செலவிடும் நேரம், கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருப்பது, பொறுப்பு. முதல் இரண்டையும் மணிக்கணக்கில் எண்ணிவிடலாம், அதனால் எல்லோரும் எண்ணினார்கள். மூன்றாவதைப் பெரும்பாலும் தொடவே இல்லை. ஒரு வீட்டில் நேர்காணலுக்கு உட்கார்ந்திருந்தேன். பிள்ளையோடு எவ்வளவு நேரம் இருப்பேன் என்று அந்த மனிதர் உற்சாகமாகச் சொன்னார், மடியில் அந்தப் பிள்ளையே ஏறி உட்கார்ந்திருந்ததால் நம்பாமல் இருக்க முடியவில்லை. அடுத்த தடுப்பூசி எப்போது என்று கேட்டேன். வாய் திறக்காமல் உள்ளே இருந்த மனைவி பக்கம் தலையைத் திருப்பினார், அந்த அம்மா வேலையை நிறுத்தாமலே தேதியைச் சொன்னார். மணிக் கணக்கில் அவருக்கு முழு மதிப்பெண். பொறுப்புக்கு என்ன போடுவது? நீ ஆராய வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி.

கொள்கைப் பக்கத்திலும் இதே முடிச்சுதான். 1974-இல் ஸ்வீடன் பேறுகால விடுப்பைப் பெற்றோர் இருவருக்கும் பொதுவாக்கியது, உலகிலேயே முதலில். பொதுவாக வைத்த லீவை யார் எடுத்தார்கள்? அம்மாக்கள். நார்வே 1993-இல் நான்கு வாரத்தை அப்பாவுக்கென்று தனியாக ஒதுக்கி, எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே இல்லை என்றது. அதற்கு முன் லீவு எடுத்த அப்பாக்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் இருந்தார்கள், சில வருஷத்தில் அது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆசை இல்லாமலா முன்னே எடுக்கவில்லை? அலுவலகத்தில் கேட்க ஒரு சாக்கு இல்லை, அவ்வளவுதான். ஆனால் சட்டம் தாராளமாக இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதே. ஜப்பானில் அப்பாவுக்கான லீவு உலகிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று, 2010-களின் கடைசி வரைக்கும் எடுத்தவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை.

லீவு எடுத்த அப்பாக்கள் நல்ல அப்பாக்கள் ஆகிறார்கள் என்று யாராவது கருத்தரங்கில் சொன்னால் உடனே தலையாட்டாதே. ஏற்கெனவே பிள்ளை மேல் உயிராக இருப்பவன்தானே முதலில் லீவு கேட்பான். அதனால்தான் கெட்டிக்காரர்கள் சட்டம் அமலான தேதியைப் பிடித்துக்கொண்டு, அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்த குழந்தைகளின் குடும்பங்களை ஒப்பிடுகிறார்கள். ஸ்வீடனில் 1995-இல் வந்த அப்பா மாதத்தை, அதாவது அப்பாவுக்கென்றே ஒதுக்கிய ஒரு மாத லீவை, அப்படித்தான் பார்த்தார்கள். லீவு எடுப்பது நன்றாகவே கூடியிருந்தது. ஆனால் பின்னாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது யார் என்று பார்த்தபோது, அப்பாவின் பங்கு கூடியதாகத் தெரியவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு மனசு கொஞ்சம் விட்டுப்போனது. அப்புறம் யோசித்தால், அளவுகோலை மெச்சத் தோன்றியது. காய்ச்சல் நாளை எண்ண வேண்டும் என்று எவனுக்கோ தோன்றியிருக்கிறதே!

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். அமைச்சகம் பணம் தரும் ஆய்வு என்றால், முடிவு எதுவானாலும் வெளியிடலாம் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள், உன் நெறியாளர் வேண்டாம் என்றாலும் கேள். எதிர்பார்த்த பலன் வராத முடிவுகள் அலமாரியில் தூங்கும் துறை இது.

கேள்வித்தாள் வரைவு தயாரானதும் அனுப்பு. "உங்கள் கணவர் உதவுகிறாரா" என்ற கேள்வி அதில் இருந்தால் இப்போதே அடித்துவிடு. தன் பிள்ளையைத் தானே பார்ப்பதற்கு உதவி என்று பேர் வைத்தால் அம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள், வரைவை அவள்தான் முதலில் படிப்பாள்.

அன்புடன்,
அப்பா