பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிற ஒழுங்கு விமான டிக்கெட்டில் வேண்டாமா?

மதிப்பிற்குரிய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மன்னார்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் கடையில் இருக்கும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், ‘அதிகபட்ச சில்லறை விலை, அனைத்து வரிகளும் உட்பட’ என்று அச்சடித்திருக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் என் மேல் வழக்குப் போடலாம். எடை போடும் மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் தொழிலாளர் துறையில் முத்திரை வாங்குகிறேன். அது தவறினால் அபராதம். இதிலெல்லாம் எனக்கு வருத்தமே இல்லை. கடை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

2025 ஆவணியில், டெல்லியில் இருக்கும் தங்கையின் மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? ரயிலில் போனால் சென்னையிலிருந்தே சுமார் 33 மணி நேரம். அம்மாவுக்கு மூட்டுவலி. அதனால் அம்மா, ஒன்பது வயது மகள், நான் மூவரும் விமானத்தில் போவதென்று முடிவானது. கடையைப் பார்த்துக்கொள்ள மனைவி இருந்துவிட்டார்.

மலிவு விலை விமான நிறுவனம் ஒன்றின் தளத்தில் ஆளுக்கு 4,999 ரூபாய் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பெயர் சொல்லப் போவதில்லை; ஒருவரைச் சொன்னால் மற்றவர்களெல்லாம் யோக்கியர்கள் என்றாகிவிடும். மூன்று பேருக்கு 14,997. மனதில் அந்தக் கணக்கோடு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அங்கே இருக்கைப் படம் வந்தது. முக்கால்வாசி இருக்கைகளுக்கு விலை. தேர்ந்தெடுக்காவிட்டால் எங்கே கிடைக்கிறதோ அங்கே உட்கார வேண்டும் என்பது போல ஒரு வரி. மகள் முன்வரிசையில், அம்மா கடைசி வரிசையில், நான் நடுவில் என்று கற்பனை செய்து பார்த்தேன். பயந்து மூன்று இருக்கைக்கும் 350 வீதம் 1,050 கட்டினேன். 12 வயது வரையிலான குழந்தைக்கு, ஒரே டிக்கெட்டில் வரும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவருக்குப் பக்கத்திலேயே இடம் கொடுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் நீங்களே உத்தரவு போட்டிருக்கிறீர்கள் என்பது ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. நல்ல உத்தரவு. ஆனால் பணம் கட்டுகிற அந்தப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட என் கண்ணில் படவில்லை. எனக்கு விற்கப்பட்டது இருக்கை அல்ல, பயம்.

அடுத்தது காப்பீடு. வேண்டாம் என்று சொல்லும் பொத்தானில், ஏதாவது ஆனால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டியிருந்தால் பயணத்தையே நிறுத்தியிருப்பார்.

கடைசியில் ‘வசதிக் கட்டணம்’. என் பணத்தை நானே என் போனிலிருந்து அனுப்புவதற்குக் கட்டணம்! அதுவும் ஆளுக்கு 350. நான் பணம் கட்டியது ஒரே ஒரு தடவை. கட்டணம் மட்டும் மூன்று தடவை. கடையில் தினமும் எத்தனையோ பேர் ஜிபேயில் பணம் போடுகிறார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்து, தலைக்கு இவ்வளவு என்று நான் வாங்கினால் என் கடைப் பக்கம் யார் வருவார்கள்?

சரி, போனால் போகட்டும் என்று மன்னை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் விமான நிலையத்தில் இறங்கினோம். அங்கே மலிவு விலைக்கென்றே இருக்கும் உடான் யாத்ரி கஃபேயில் டீ 10 ரூபாய் என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இரண்டு டீ குடித்தார். அப்புறம் சீர்ப் பையைக் கவுண்டரில் வைத்தேன். பட்டுத்துணி, முறுக்கு, அதிரசம், ஒரு எவர்சில்வர் தூக்கு. கிளம்பும் முன் கடைத் தராசில் போட்டபோது 14.6 கிலோ. அங்கேயும் 14.6. பெருமையாக இருந்தது. கவுண்டரில் இருந்த பெண், “சார், உங்க டிக்கெட்ல செக்-இன் பேக்கேஜ் கிடையாது” என்றார்.

கைப்பை மட்டும் கொண்டுவருகிறவருக்குச் சலுகை விலையில் டிக்கெட் விற்கலாம் என்று 2021 பிப்ரவரியில் நீங்கள் அனுமதித்தது இதைத்தான். அந்தப் பெரிய எழுத்து 4,999, பை இல்லாத விலை. பையோடு வாங்கியிருந்தால் ஆளுக்கு 200 ரூபாய் சொச்சம்தான் கூடியிருக்கும். கவுண்டரில் ஒரே பைக்கு 2,600. கட்டினேன். சீரைக் கொண்டுபோகாமல் தாய்மாமன் எந்த முகத்தோடு போய் நிற்பது? அந்தப் பெண்ணைத் திட்டிப் பயனில்லை. விலையை அவரா வைத்தார்?

பிரித்துப் பிரித்து விற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பை இல்லாமல் போகிறவர் என் சீர்ப் பைக்கும் சேர்த்து ஏன் பணம் கட்ட வேண்டும்? 2003இல் ஏர் டெக்கான் என்ற மலிவு விலை விமான நிறுவனம் வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் விமானத்தில் ஏறுவதைப் பற்றி யோசிக்கவே தொடங்கினோம். என் அப்பா கடைசிவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் பையோடு வந்தால் எவ்வளவு என்பதை டிக்கெட் எடுக்கும்போதே எடுப்பாகக் காட்ட வேண்டும், டிக்கெட்டிலும் அச்சிட வேண்டும், அது நியாயமான தொகையாகவும் இருக்க வேண்டும் என்பதும் அதே 2021 அனுமதியில் நீங்கள் வைத்த நிபந்தனைதான். 2,600 நியாயமா? எடுப்பாக என்றால் எத்தனை அங்குலம்? அளந்து பார்த்தது யார்?

இன்னொன்று. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ‘டார்க் பேட்டர்ன்ஸ்’ எனப்படும் 13 இணைய ஏமாற்று உத்திகளைத் தடை செய்தது. முதலில் ஒரு விலையைக் காட்டிக் கடைசியில் வேறு விலை வாங்குவதற்கு அந்த வழிகாட்டுதலில் வரும் உதாரணம் என்ன தெரியுமா? விமான டிக்கெட். காப்பீடு வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்கும் வாசகத்துக்கு உதாரணம்? அதுவும் விமான டிக்கெட்தான். ஆக, நோய் எங்கே இருக்கிறது என்று அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மனது வைத்தால் நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கவுண்டரில் போர்டிங் பாஸ் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் உங்கள் அமைச்சகமே சொன்னது. அதே போல, எத்தனை பேர், பை உண்டா, குழந்தை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட்டு, வசதிக் கட்டணம் உட்பட முழு விலையை முதல் திரையில் காட்டச் சொல்லுங்கள். குழந்தை இருந்தால், பக்கத்து இருக்கைக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்று இருக்கைப் படத்தின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். வசதிக் கட்டணம் வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு பணப் பரிமாற்றத்துக்கு ஒரு தடவை வாங்கட்டும். டிக்கெட்டை ரத்து செய்தால், திரும்பக் கிடைக்காத வகை டிக்கெட்டாகவே இருந்தாலும், வரியும் விமான நிலையக் கட்டணங்களும் பயணிக்குத் திரும்ப வர வேண்டும் என்பது உங்கள் விதி. அதைக் கேட்டு வாங்க வேண்டிய நிலையை மாற்றுங்கள். என் கடைக்கு முத்திரை ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். அப்படி உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் மாதம் ஒரு முறை சாதாரணப் பயணியாக ஒரு டிக்கெட் போட்டுப் பார்த்தாலே போதும்.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. திரும்பும்போது ரயிலில்தான் வந்தோம். வழியில் அம்மா, “போறதுக்கு மொத்தம் எவ்வளவுடா ஆச்சு?” என்று கேட்டார். ஆனது 19,697. நான் 14,997 என்று சொன்னேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
மன்னார்குடி