எல்லா புல்லட்டுக்கும் பொருந்தும்னு சொல்லி அனுப்புன சீட்டை திரும்ப எடுத்துக்கிட்டு என் பணத்தைக் குடுங்க

வணக்கம் சார்,

உங்க வெப்சைட்ல போன மாசம் 6ஆம் தேதி 2,850 ரூபாய் கட்டி புல்லட் பைக்குக்கு ரெண்டு பேர் உக்கார்ற ஒரு டூயல் சீட் ஆர்டர் போட்டேன், 11ஆம் தேதி வந்து சேந்துச்சு. அதுலேர்ந்து இன்னை வரைக்கும் உங்க கஸ்டமர் கேருக்கு ஆறு தடவ போன் பண்ணிட்டேன், மூணு மெயில் போட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் வேற ஒருத்தர் எடுக்கறாங்க, ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து கதை சொல்ல வேண்டியிருக்கு. அதனால எல்லாத்தையும் ஒரே கடிதமா எழுதறேன், தயவுசெஞ்சு முழுசா படிச்சிட்டு பதில் போடுங்க.

வண்டி எங்க அப்பாவோடது. 1986 மாடல் புல்லட் 350, திருவொற்றியூர் ஃபேக்டரில செஞ்சது, காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின், வலது கால்ல கியர் இடது கால்ல பிரேக். பி.எஃப் லோன் போட்டு வாங்குனாரு. நானும் தங்கச்சியும் ஸ்கூலுக்குப் போனது, பாட்டிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடுனது எல்லாம் அந்த வண்டிதான். அப்பாவுக்கு இப்ப 72 வயசு, கிக்கர் மிதிக்க முழங்கால் ஒத்துழைக்கல, அதனால நான்தான் ஓட்டறேன், ஆனா ஞாயித்துக்கிழமை காலைல துணியும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கிட்டு துடைக்கறது இன்னைக்கும் அவருதான்.

பழைய சீட் கம்பெனிலேர்ந்து வந்தது, 30 வருஷத்துக்கு மேல உழைச்சது. மூணு வருஷம் முன்னாடி ரெக்சின்ல தையல் விட்டு சின்னதா ஒரு கிழிசல், நாங்க அதைப் பெருசா எடுத்துக்கல, அதுதான் தப்பாப் போச்சு. மழைத்தண்ணி அந்த வழியா உள்ள போயி ஃபோம்ல ஊறி நின்னுடுது, மேல காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அடியில ஈரம் போறதே இல்ல, சீட்டோட அடித்தகடு உள்பக்கத்துலேர்ந்து துருப்பிடிச்சு பின்னாடி போல்ட் மாட்டற இடத்துல அப்பளம் மாதிரி உடைஞ்சிருச்சு. ரெக்சின் மட்டும் மாத்திப் போடலாம்னு பாத்தா தகடே இல்ல. அதனாலதான் முழு சீட் வாங்க உங்ககிட்ட வந்தேன்.

சும்மா படத்தப் பாத்துட்டு ஆர்டர் போடல சார். 4ஆம் தேதியே உங்க வாட்ஸப் நம்பருக்கு வண்டியோட போட்டோ, பழைய சீட்டோட அடிப்பக்க போட்டோ, மாடல் வருஷம் எல்லாம் அனுப்பி, இதுக்கு அப்படியே உக்காருமான்னு கேட்டேன். "வரும் சார், எல்லா புல்லட்டுக்கும் ஒரே சீட்டுதான், கண்ணை மூடிட்டு போடுங்க"ன்னு பதில் வந்துச்சு. அந்த மெசேஜ் இன்னும் என்கிட்ட இருக்கு, இதோட இணைச்சிருக்கேன்.

அது உண்மை இல்ல சார். புல்லட்டுங்கற பேரு மாறாம இருக்குங்கறதுக்காக வண்டியும் மாறலன்னு ஆகிடாது. 2009, 2010 வாக்குல யூசிஇ இன்ஜின், அதாவது இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கற புது இன்ஜின் வந்தப்போ ஃப்ரேமும் சேந்து மாறிடுச்சு. புது வண்டி சீட்டு பழைய காஸ்ட் அயர்ன் வண்டில நேரா உக்காராது. இது புல்லட் மெக்கானிக்குங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், சீட்டு செஞ்சு விக்கற உங்களுக்குத் தெரியலன்னு சொன்னா என்னால நம்ப முடியல.

எங்க தெரு மெக்கானிக் அண்ணன் புல்லட்டுல ஊறுனவரு. பழைய சீட்டைக் கழட்ட அவருக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகல, பின்னாடி ரெண்டு நட்டு, அதைக் கழட்டிட்டு சீட்டைப் பின்பக்கமா இழுத்தா முன்னாடி கொக்கி விட்டு வந்துடுது, அவ்வளவுதான் வேலை. உங்க சீட்டை வெச்சப்போ முன் கொக்கிய ஃப்ரேம்ல மாட்டுனா பின்னாடி ஓட்டை ரெண்டும் 14 மி.மீ. தள்ளி நிக்குது. பின்னாடி ஓட்டைய நேர் பண்ணுனா முன்னாடி கொக்கி நக நுனி அளவு கூடப் பிடிக்கல. ஸ்கேல் வெச்சு அளந்து போட்டோ எடுத்திருக்கேன். அதோட சீட்டுத் தகடு பின் மட்கார்டு மேல ஒரு பக்கமா உக்காருது, அப்பா கையால பெயிண்ட் அடிச்ச மட்கார்டுல இப்ப விரல் நீளத்துக்கு கீறல்.

உடனே உங்களுக்கு போன் பண்ணேன். எடுத்தவங்க சொன்னது, "அது சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான் சார், லேத்துல குடுத்து ஓட்டைய நீட்டி விட்டுக்கங்க, வாஷர் போட்டு டைட் பண்ணிட்டா சரியாப் போயிடும்". எழுத்துல குடுங்கன்னு கேட்டு சாட்லயும் அதையே வாங்கி வெச்சிருக்கேன். மெக்கானிக் அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. "தம்பி, சீட்டு கொக்கிலதான் நிக்கணும், போல்ட்டுல தொங்கக் கூடாது"ன்னாரு. கம்பெனிக்காரங்களே சொல்றாங்களேன்னு நான்தான் கேக்க வெச்சேன். 200 ரூபாய் குடுத்து ஓட்டைய நீட்டி, பெரிய வாஷர் போட்டு மாட்டுனோம்.

இது 346 சிசி, ஒரே சிலிண்டர், பிஸ்டன் ஏறி இறங்கற தூரமே (ஸ்ட்ரோக்) 90 மி.மீ. நகராம ஐடில்ல நிக்கும்போதே அதிர்வுல மீட்டர் முள்ளு ஆடுற வண்டி. அரைகுறையா பிடிச்சு நிக்கற எதையும் அது தளர்த்தி விட்டுடும். மூணாவது நாள் சாயங்காலம் அம்மாவைப் பின்னாடி உக்கார வெச்சு பால்பண்ணை பக்கம் வந்துக்கிட்டு இருந்தேன், சிக்னல் விழுந்து கிளட்ச் விட்டதும் முன் கொக்கி கழண்டு சீட்டோட முன்பக்கம் தூக்கிருச்சு, சீட்டு அப்படியே பின்னாடி வழுக்கிருச்சு. அம்மா ஒரு பக்கமா உக்காந்திருந்தாங்க, வயசு 66. பிடிக்க எதுவும் இல்லாம என் சட்டையைப் பிடிச்சாங்க, காலர் கிழிஞ்சு அவங்க கையோட வந்துச்சு. பின்னாடி டவுன் பஸ். அந்த டிரைவர் பிரேக் அடிச்சதால இன்னைக்கு உங்களுக்கு நான் வெறும் கடிதம் எழுதிக்கிட்டு இருக்கேன். அம்மா அன்னைலேர்ந்து வண்டில ஏற மாட்டேங்கறாங்க, கோயிலுக்குக் கூட ஆட்டோதான்.

பிடிக்க எதுவும் இல்லன்னு சொன்னேன்ல, அதையும் கேளுங்க. பழைய சீட்டுக்கு நடுவுல குறுக்கே ஒரு பெல்ட் இருந்துச்சு, அம்மா 30 வருஷமா அதைப் பிடிச்சுதான் உக்காந்தாங்க. உங்க வெப்சைட் படத்துலயும் பெல்ட் இருக்கு. வந்த சீட்டுல பெல்ட் இல்ல. வண்டில பின்னாடி உக்காரவங்க பிடிக்க கைப்பிடி இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது, இதை நான் உங்களுக்கு எழுதற நிலைமைல வெச்சிருக்கீங்களேன்னு வருத்தமா இருக்கு.

வீட்டுக்கு வந்து சீட்டைத் திருப்பிப் பாத்தப்போ இன்னொன்னும் தெரிஞ்சுது. கொக்கிய தகட்டுல ரெண்டே ரெண்டு ஸ்பாட் வெல்டுல ஒட்டியிருக்காங்க, மிளகு சைஸ் புள்ளி ரெண்டு. அதுல ஒண்ணு முழுசா பிச்சுக்கிட்டு வந்துருக்கு, பிச்ச இடத்துல தகடு பளபளன்னு இருக்கு, அதாவது வெல்டு உள்ள இறங்கவே இல்ல, மேலோட்டமா தொட்டு விட்டிருக்காங்க. பழைய சீட்டு கொக்கி துருப்பிடிச்சும் அசையல, சுத்தி முழுசா வெல்டு ஓடியிருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எடுத்த போட்டோ மூணாவது அட்டாச்மென்ட்ல இருக்கு, அதை மட்டுமாவது உங்க புரொடக்ஷன்ல இருக்கறவங்ககிட்ட காட்டுங்க சார், ஏன்னா இந்த வெல்டு என் சீட்டுல மட்டும் இருக்காதுன்னு நினைக்கறேன், என்னைப் போல இன்னும் எத்தனை பேரு பின்னாடி பொண்டாட்டி புள்ளைய உக்கார வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்காங்களோ.

இப்ப ரிட்டர்ன் கேட்டா "ப்ராடக்ட்ட மாடிஃபை பண்ணிட்டீங்க, எடுக்க முடியாது"ன்னு மெயில் வருது. ஓட்டைய நீட்டச் சொன்னது நீங்க. உங்க பேச்சைக் கேட்டதையே காரணமா வெச்சு என்னை வெளிய தள்றது எந்த ஊர் நியாயம்?

2020ல வந்த இ-காமர்ஸ் விதிகள்ல, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருளையோ குறைபாடு உள்ள பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன்னு விக்கறவங்க சொல்ல முடியாதுன்னு இருக்கு. புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வைக்கணும்னும் இருக்கு. என் முதல் மெயிலுக்கு பதில் வர ஒன்பது நாளாச்சு.

நான் கேக்கறது இதுதான். 2,850 ரூபாய் முழுசா வேணும், லேத்துக்குக் குடுத்த 200ம் சேத்து. சீட்டை உங்க செலவுல வந்து எடுத்துக்கங்க. மாத்து சீட்டு அனுப்பறோம்னு சொல்லாதீங்க, எனக்கு வேணாம், பழைய தகடு அளவுலயே ஆளு வெச்சு புதுசா ஒண்ணு அடிச்சு, அதே கொக்கியப் போட்டு, ஃபோம் ரெக்சின் வெச்சுத் தர ஒருத்தர் கிடைச்சிட்டாரு. அப்புறம், "எல்லா புல்லட்டுக்கும் பொருந்தும்"ங்கற வரிய வெப்சைட்லேர்ந்து எடுங்க. எந்த வருஷத்து வண்டி, கொக்கிலேர்ந்து பின் ஓட்டை வரைக்கும் எத்தனை மி.மீ.ன்னு போடுங்க. வாங்கறவன் ஸ்கேல் வெச்சுப் பாத்துக்குவான். பணம் எனக்கு முக்கியம்தான், ஆனா இந்த ஒரு வரிய நீங்க மாத்தறது எனக்கு அதைவிட முக்கியம்.

வர்ற 15ஆம் தேதி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பதில் வரலன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போறதா இருக்கேன். 5 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்குன பொருளுக்கு அங்க கட்டணம் எதுவும் இல்ல, வக்கீல் இல்லாம நானே போயி நிக்கலாம்.

சீட்டு நீங்க அனுப்புன அதே அட்டைப்பெட்டில கட்டி வராந்தால இருக்கு, பிச்சுக்கிட்டு வந்த கொக்கியும் ஒரு கவர்ல போட்டு உள்ள வெச்சிருக்கேன். காலைல 10 மணிக்கு மேல எந்த நாள் வந்தாலும் அப்பா வீட்டுல இருப்பாரு, எடுத்துக் குடுப்பாரு.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்,
திருச்சி